இரண்டு ஊசி, ஒரு மாத்திரை

மழை நாளில் யாரும் கத்தி தீட்டமாட்டார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி அது. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு கிடையாது. வெட்டினாலும் பால், மரத்தில் கட்டிய சிரட்டைக்குள் விழாமல் மழைத் தண்ணீரோடு பட்டையெல்லாம் பரவி வீணாகிவிடும். அதனால் மழை நாளென்றால் கத்திகள் ஆணியில் தொங்கும், வாளிகள் கவிழ்ந்து கிடக்கும், ஆட்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் முடங்கிவிடுவார்கள். அப்படியிருக்க, ருவான்வெல்லை பஜாரிலிருந்து தொப்பலாக நனைந்து மேடேறி வந்த துஷ்யந்திக்கு, கோடி வீட்டை நெருங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ர்ர்ரக்... ஸ்ர்ர்ரக்...

கோடி வீடு அவளுடையது.

ஸ்ரீதரன் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தான். தோளில் ஒரு சாக்கு. முன்னால் சாணைக்கல். பால்வெட்டுக் கத்தியின் வளைந்த நுனியை ஒரு பூனையைத் தடவுவதுபோல அத்தனை மெதுவாக, அத்தனை பிரியமாகக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தான். பத்து நாளாக அந்தக் கத்தியால் அவன் ஒரு மரமும் வெட்டவில்லை. அவள்தான் வெட்டினாள்.

"வந்துட்டியா புள்ள?"

குரல் இனிமையாக இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவன் இனிமையாகப் பேசிய நாளெல்லாம் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு சாமான் காணாமல் போயிருக்கிறது. கடைசியாக அப்படிப் பேசியபோது அவள் அவனுடைய ஹெரோயின் தூளை, அந்தக் குடு பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்தாள். அன்றைக்கு அவன் ஒடித்த அவளுடைய மோதிர விரல் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.

"மழையில எதுக்குங்க கத்திய தீட்டுறீங்க?"

"பால் ஏறி நிக்குது. வெட்டாம விட்டா வீணாப் போயிரும்ல."

"எந்த மரத்துலங்க?"

அவன் சிரித்தான். நெஞ்சைச் சொறிந்துகொண்டான். அவன் கண்மணிகள் கடுகு மாதிரி சுருங்கியிருந்தன. அவள் பஜாருக்குப் போயிருந்த நேரத்தில் குடு எடுத்துவிட்டான்.

ரவிக்கைக்குள் பொலிதீன் பையில் சுற்றி வைத்திருந்ததை அவள் புடவைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு ஊசி மருந்து. ஒரு மாத்திரை.

கொடுத்தது காமில் நானா. பஜாரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். காலையில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மேசை லாச்சிக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார்.

"இது என்ட தம்பிக்கு கொழும்பு டொக்டர் எழுதினது. அவன் மௌத்தாகி மூணு வருஷம். ஒங்கட கண்ணீரைப் பாத்துட்டுத்தான் எடுக்கிறன் தங்கச்சி. கவனமாக் கேளுங்க."

டின்னின் மூடியில் ஊசி மருந்தையும் மாத்திரையையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"ரெண்டும் ஒரே வேலைக்குத்தான். குடு போய் மூளையில உக்கார்ற கதிரை ஒன்டு ஈக்குது. இந்த ரெண்டு மருந்துமே குடுவைத் தள்ளிப்போட்டு அந்தக் கதிரையில ஏறி உக்காந்துக்கும். வித்தியாசம் என்னன்டா, எவ்வளவு நேரம் உக்காருமுன்டுதான். இந்த ஊசி, மூச்சு நின்டவனை ரெண்டு மூணு நிமிஷத்துல எழுப்பிப்போடும். ஆனா ஒரு மணித்தியாலம்தான். அதுக்குப் பொறகு இது எழும்பிப் போயிரும். குடு அப்பவும் ரத்தத்துல ஈக்கும். திரும்ப வந்து உக்காரும். மனுஷன் திரும்பக் கீழ போவான்."

"மாத்திரைங்க நானா?"

"அது மெதுவாத்தான் வரும். வந்து உக்காந்தா ஒரு நாள், ஒன்டரை நாள் எழும்பாது. ஆனா பத்து நாளாச்சும் சுத்தமா ஈக்கிறவனுக்குத்தான் குடுக்கணும். உள்ளுக்குக் குடு ஈக்கிற நேரம் குடுத்தா..." அவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ட தம்பி நாலாம் நாளே அவசரப்பட்டுப் போட்டான். கண்ணாடி அலுமாரியைத் தலையால ஒடச்சான். உம்மாட கையைக் கடிச்சுப் பிச்சான். ஒன்டரை நாள். ஒருத்தராலயும் நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

"அதுலதான் மௌத்தானாருங்களா?"

"இல்ல. அன்டைக்கு உசிரு இருந்திச்சு. மௌத்தானது வேற நாள்." அவர் நிமிர்ந்தார். "ஒங்கட மாப்பிள்ளை எத்தனை நாள் சுத்தம்?"

"பத்து நாளுங்க. பத்து நாளும் வேலைக்குப் போயி பேர் விழுந்திருக்குங்க. அழகமுத்து கங்காணியக் கேட்டுப் பாருங்க."

"ஓ, கங்காணி முந்தாநாள் வந்த நேரம் சொன்னாருதான். ஆள் ஒழுங்கா வேலைக்கு வாறான்டு."

கங்காணி பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் ஒன்று. பத்து நாளும் விடியலில் பெரட்டுக்களத்தில் ஸ்ரீதரன் நின்றான், பேர் கூப்பிட்டபோது கை தூக்கினான், வாளியும் கத்தியுமாக மலை ஏறினான். ஏறி, பாறைக்குப் பின்னால் போய்க் குடுவை இழுத்துவிட்டுச் சுருண்டுகொண்டான். துஷ்யந்தி தன் மரங்களை வெட்டி முடித்து, ஓடிப்போய் அவன் மரங்களையும் வெட்டினாள். மாலையில் இரண்டு பேருக்கும் பால் நிறுத்துக் கொடுத்தாள். புருஷன் பெண்சாதிக்குள் இது புதுசில்லை. கல்யாணமான வருஷம் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது இருபது நாள் அவன்தான் இரண்டு பேருக்கும் வெட்டினான். இரவில் வேப்பிலையால் விசிறிக்கொண்டே தூங்கி விழுவான். வேலை தேடிப் போன கொழும்பு அந்த மனிதனைத் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதையாவது சாகவிடக் கூடாது. போன வாரம் தண்ணீர்ப் பீலிக்கரையில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தவனைக் கன்னத்தில் அறைந்து அறைந்து எழுப்பியதிலிருந்து அவளுக்கு இந்த ஒரே நினைப்புத்தான்.

காமில் நானா வாழைக்காயில் குத்திக் காட்டி ஊசி போடப் பழக்கினார். அவள் முகம் பயத்தில் வெளுத்திருப்பதைப் பார்த்து, பேச்சை மாற்றுவதுபோலச் சொன்னார்: "இந்தக் குடுவும் எங்கயிருந்து வருதுன்டு நெனச்சீங்க? கசகசாக் காயைக் கத்தியால கீறிவிட்டா பால் வடியும். வெள்ளைப் பால். ஒங்கட ரப்பர் மாதிரியேதான்." பிறகு விரலை நீட்டினார். "ஊசி போட்டா வீட்டுல வெச்சுக்கிட்டு ஈக்கவாணாம். உடனே பெரியாஸ்பத்திரி."

அவள் திரும்பி வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில், கீழே ஓடைப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஸ்ரீதரன் இரண்டு வாய் சோறு தின்றான், கட்டிலில் சாய்ந்தான். வெளியே பகல்தான், ஆனால் மழை மூட்டத்தில் லயத்து அறைக்குள் மண்ணெண்ணெய் விளக்கு வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சலில் பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்காளின் ரேடியோ மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. ஈரத் துணி வாசனை, அடுப்புச் சாம்பல் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. புளித்த ரப்பர்ப் பால். துஷ்யந்தி மோந்து பார்த்தாள். வாளிகளை நேற்றே கழுவிக் கவிழ்த்திருந்தாள். வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. இருந்தும் வாசனை கட்டில் பக்கமிருந்து வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

ஸ்ரீதரனின் மூச்சு குழாயில் தண்ணீர் அடைத்ததுபோலக் களகளத்தது. பிறகு ஒன்றுமில்லை. அவள் எண்ணினாள். பதினைந்து, பதினாறு, பதினேழு... மறுபடி ஒரு களகளப்பு. மறுபடி ஒன்றுமில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். உதடு நாவல்பழம் தின்றவன்போல இருந்தது.

மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்தாள். ஊசியில் உறிஞ்சினாள். சாரத்துக்கு மேலாகவே தொடையில் குத்தினாள். ஊசியை இழுத்தபோது துணியில் ஒரு சொட்டு நின்றது. வெள்ளையாக. மருந்து கசிந்துவிட்டதென்று நினைத்துப் புறங்கையால் துடைத்தாள். அது கையில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபட்டது.

நினைக்க நேரமில்லை. அவன் கண் திறந்துவிட்டான்.

கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தான். கடுகாக இருந்த கண்மணிகள் அவள் பார்க்கப் பார்க்க விரிந்தன. விரிந்துகொண்டே போயின.

"எதுக்குடி கூப்பிட்ட?"

"மூச்சு நின்னு போச்சுங்க. நான்..."

முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருதரம், இருதரம். பல் ஒன்று நாக்கில் உருண்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருப்பாயி அக்காள் கத்தினாள்:

"டேய் ஸ்ரீதரா, மெதுவாடா! ரேடியோவுல நாடகம் போகுது!"

"அக்கா! யாரையாவது கூட்டியாங்கக்கா!"

"எங்கன்னு போறது? பாலம் முங்கிக் கெடக்கு. அனே, நீயும் அவன்கிட்ட வாய் குடுக்காம கெடயேன்டி!" ரேடியோவின் சத்தம் கூடியது.

அந்தச் சுவரில் அடி விழாத வாரமே இல்லை. எந்த அடி வேறு மாதிரியான அடி என்று கருப்பாயி அக்காள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

ஸ்ரீதரன் உடம்பெல்லாம் நடுங்க, மூக்கு ஒழுக, கூரைச் சட்டத்தில் செருகியிருந்த பொட்டலங்களை இழுத்தெடுத்தான். நான்கு. சிகரெட் ஈயத்தாளில் கொட்டி, அடியில் நெருப்பைக் காட்டிப் புகையை உறிஞ்சினான். ஒன்று. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஆத்திரத்தில் ஊளையிட்டான். மூன்று. நான்கு.

துஷ்யந்தி மூலையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரையில் ஊசி மருந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு பொட்டலமும் வெளியே காத்து நிற்கின்றன. ஒரு மணித்தியாலம்.

லயத்து வீட்டுக்கு ஒரே கதவு. அவள் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். உள்பக்கமாகப் பூட்டைப் போட்டு, சாவியை ஜன்னல் கம்பி வழியாக மழைக்குள் எறிந்தான். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து, மடியில் கத்தியை வைத்துக்கொண்டு, நெஞ்சைச் சொறிந்தபடி உட்கார்ந்தான்.

"அங்க நல்லா இருந்திச்சு புள்ள," என்றான் திடீரென்று. "வரிசை வரிசையா நிக்கிறாங்க. யாரும் பேசமாட்டாங்க. எல்லார் நெஞ்சுலயும் ஒரு சிரட்டை கட்டியிருக்கு. எனக்கும் ஒன்னு கட்டப் போனாங்க. நீ கூப்பிட்டுட்ட."

அலாரக் கடிகாரம் இரண்டு இருபதைக் காட்டியபோது அவன் தலை தொங்கியது. இந்த முறை களகளப்புக்கூட இல்லை. விளக்கை ஊதியதுபோல அணைந்துவிட்டான்.

அவன் சாய்ந்து கிடந்தது கதவில். அவனைப் புரட்டிவிட்டு அவள் கதவை உலுக்கினாள், பூட்டை அம்மிக்குழவியால் அடித்தாள். பூட்டு அசையவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் நகங்களும் நீலமாகியிருந்தன.

விட்டுவிடு, என்று ஏதோ ஒன்று அவளுக்குள் சொன்னது. நீ ஒன்றும் செய்யவேண்டாம். சும்மா இரு.

அவளால் முடியவில்லை. அவளுக்கு வேப்பிலையால் விசிறிய கை அது.

இரண்டாவது ஊசி. கோணல் விரல் இடறியதில் பாதி மருந்து சிந்தியதோ என்று பயந்தாள். சிந்தவில்லை.

இந்த முறை அவன் எழவில்லை. பாய்ந்தான். அவளைத் தூக்கி அடுப்பு மேடையில் அடித்தான். விலா எலும்பு ஒன்று உள்ளே முறிந்தது அவளுக்கே கேட்டது. தோளில் பல் பதித்துச் சதையோடு இழுத்தான். காதில் மிதித்தான். அந்தக் காதில் மழை நின்றுபோனது. பிறகு அவனே வளைந்து, குடலைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

விளக்கு வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்தாள். சோறு இல்லை. பித்தமும் இல்லை. கெட்டியாக, வெள்ளையாகத் தரையில் விழுந்து, ஓரங்களில் உறைந்து, அவன் கையால் துடைத்தபோது ஒட்டுப்பால் மாதிரி ஜவ்வாக இழுபட்டது. அவன் இன்று பால் ஏதும் குடிக்கவில்லை.

புளித்த வாசனை அறையை நிறைத்தது.

அவள் யோசித்தாள். ஒரு காதால் கேட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தால் மூச்சு விட்டுக்கொண்டு, மிகத் தெளிவாக யோசித்தாள். நான்கு பொட்டலமும் இன்னும் அவன் ரத்தத்தில் இருக்கின்றன. ஊசி இனி இல்லை. மூன்றரை மணிக்கு அவன் கீழே போவான். போனால் போனதுதான். மாத்திரை ஒன்றுதான் பாக்கி. ஒன்றரை நாள் அவனைக் கீழே விடாது. காமில் நானாவின் தம்பி அலுமாரியை உடைத்தான், உம்மாவைக் கடித்தான். ஆனால் அன்றைக்கு உயிர் இருந்தது.

உயிர் இருந்தது.

"தண்ணி," என்றான் அவன் தரையிலிருந்து.

கரண்டியின் அடியில் மாத்திரையை நசுக்கினாள். ஆறிப்போன பிளேன்டீயில் போட்டாள். சீனியை அள்ளிக் கொட்டினாள். அவன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தான்.

"கசக்குது."

"பல்லுல ரத்தங்க. அதான்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அப்புறம் சிரித்தான். இஸ்தோப்பில் சிரித்த அதே சிரிப்பு.

அவள் காத்திருந்தாள். மூன்று மணி. மூன்றேகால். அவன் மூச்சை எண்ணினாள். மூன்றரை.

அவன் கீழே போகவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவன் சட்டையைக் கிழித்தான். நெஞ்சை நகத்தால் பிறாண்டினான். தலையைச் சுவரில் மோதினான். அலாரக் கடிகாரம் நொறுங்கியது. விளக்கு உருண்டது. கதவில் அவன் உடம்பு விழுந்தது. மறுபடி. மறுபடி. "ஏறுதுடி! ஏறுதுடி! வெளிய விடு!" அவள் அவன் காலைப் பிடித்தாள். அவன் கால் வந்தது. அவள் நெற்றியில்.

இருட்டு.

முதலில் கேட்டது அமைதி.

மழை விட்டிருந்தது. ரேடியோ இல்லை. கூரையில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் சாம்பல் வெளிச்சம். சாயங்காலமா, மறுநாள் விடியலா என்று தெரியவில்லை.

டொக்.

எங்கோ ஒரு சொட்டு.

டொக்.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள். கண் பழகியது.

ஸ்ரீதரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்புக்கு மேல் துணியில்லை. மூச்சு நன்றாக, ஆழமாக, சீராக வந்துகொண்டிருந்தது. அவன் செத்திருக்கவில்லை. நெஞ்சில் இடது தோளெலும்பிலிருந்து வலது விலா வரை சரிவாக ஒரு வெட்டு. பிசிறில்லாத வெட்டு. கை தேர்ந்த ஆள் பட்டையை மட்டும் எடுத்து மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவானே, அந்த வெட்டு. வெட்டு முடியும் இடத்தில், மரத்தில் பால் வழிய வைக்கும் தகரத் துண்டு செருகியிருந்தது. அதற்குக் கீழே கம்பியால் இடுப்பைச் சுற்றிக் கட்டிய சிரட்டை. அதில்தான் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் தரையில் இன்னும் இரண்டு சிரட்டை. நிறைந்திருந்தன.

சிவப்பு எங்கேயும் இல்லை.

அவள் கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"முழிச்சிட்டியா புள்ள?" என்றான். குரல் தெளிந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்திய குரல். வேப்பிலை விசிறியவனின் குரல். "நல்லா வெட்டியிருக்கேனா, பாரு. கை மறந்து போச்சோன்னு பயந்தேன்."

அவள் எழ முயன்றாள். முடியவில்லை. இடது கையில் ஏதோ இறுகியிருந்தது. குனிந்து பார்த்தாள்.

கம்பி. முழங்கைக்குக் கீழே சுற்றிச் சுற்றி முறுக்கியிருந்தது. கம்பியில் ஒரு சிரட்டை. கழுவித் துடைத்த, காலியான சிரட்டை.

அவன் முழங்காலால் நகர்ந்து வந்தான். கத்தியைத் தன் சாரத்தில் துடைத்தான். அவள் கையைத் திருப்பிப் பிடித்து, பட்டை பார்க்கிறவன்போலக் கட்டைவிரலால் தடவினான்.

"பத்து நாளா என் பேருக்கும் நீதானே வெட்டுன. இன்னைக்கு உன் பேருக்கு நான் வெட்டுறேன்."

"வேணாங்க... என்னங்க... வேணாங்க..."

"அசையாத புள்ள. பட்டை கிழிஞ்சிரும்." கத்தியின் வளைந்த நுனி தோலில் வந்து உட்கார்ந்தது. "அவசரமில்ல. இன்னும் ஒரு நாள் முழுக்க இருக்கு."

இடது மேலிருந்து வலது கீழாக. ஒரே இழுப்பு.

வலிக்கவில்லை.

டொக்.

பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். புளித்த வாசனை. டொக். மூடியிருக்க முடியவில்லை. பார்த்தாள்.

சிரட்டையின் அடியில், கறுப்பு ஓட்டின் மேல், வெள்ளையாக இரண்டு சொட்டு.